ஸ்ரீரங்கத்துக்குச் செத்த கேமரா வாங்கப் போனது

திண்டுக்கல்லில் காலை ஐந்தரை மணி பஸ். திருச்சி நூறு கிலோமீட்டர். ஜன்னலோர சீட் கிடைத்தது. மடியில் என் கேமராவை வைத்துக்கொண்டேன். ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு லென்ஸ் வைத்த ஜப்பான் பெட்டி அது; குனிந்து மேலிருந்து பார்த்துத்தான் படம் எடுக்க வேண்டும். தையல் கூலியில் மிச்சம் பிடித்து வாங்கியது. யாரிடமும் கற்றுக்கொள்ளவில்லை, பிலிமை வீணாக்கி வீணாக்கியே பழகினேன். எங்கள் தெருவில் நான் படம் எடுக்காத முகம் இல்லை. பிலிமைச் சுற்றும் பல்சக்கரம் உடைந்ததிலிருந்து, இரண்டு வருஷமாக அது சும்மா கிடக்கிறது.

புதுச் சக்கரம் எங்கும் கிடைக்காது. "அதே மாடல்ல செத்தது ஒண்ணு பிடிச்சுட்டு வாங்க, கழட்டி மாட்டிடலாம்" என்று திருச்சி பாலக்கரையில் கேமரா ரிப்பேர் பார்க்கும் சலீம் பாய் சொல்லியிருந்தார். தேடித் தேடி, போன வாரம்தான் இணையத்தில் ஒரு விளம்பரம் கண்ணில் பட்டது. ஸ்ரீரங்கத்தில் வைதேகி என்பவர் விற்கிறார், இரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாய். அவர் அனுப்பிய வீடியோவை பாய்க்குத் தள்ளிவிட்டேன். ஷட்டர் செத்துவிட்டது, தாராளமாகப் பிரிக்கலாம் என்று பதில் வந்தது.

எட்டரைக்கு பஞ்சப்பூர் புதுப் பேருந்து நிலையம். அங்கிருந்து டவுன் பஸ்ஸில் சத்திரம் வந்து, இன்னொரு பஸ் மாறி, காவிரிப் பாலம் தாண்டினேன். பாலத்தில் பஸ் நகர்ந்து நகர்ந்து போனது. பக்கத்தில் நின்ற பூக்கூடைக்காரம்மா, "ஆத்துல தண்ணி ஓடுற வேகத்துக்குக்கூட நம்ம பஸ் ஓடமாட்டேங்குது" என்றார். இப்படிப்பட்ட பேச்சைக் கேட்பதற்கே தனியாக ஒரு டிக்கெட் எடுக்கலாம்.

தெற்குச் சித்திரை வீதியில் வீட்டைக் கண்டுபிடிப்பது சிரமமாக இல்லை. வைதேகி மாமி பேங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கல்யாணங்களுக்குப் படம் எடுத்த அவருடைய அப்பாவின் கேமரா அது. தோல் உறை கொஞ்சமும் கிழியவில்லை. எனக்கு மறைத்துப் பேச வராது. பிரித்துச் சக்கரத்தை எடுக்கத்தான் வாங்குகிறேன் என்று முன்னாலேயே சொல்லிவிட்டேன். மாமி கொஞ்ச நேரம் உறையைத் தடவிக்கொண்டிருந்தார்.

"உசிர் போனதுக்கப்புறம் கண்தானம் பண்றதில்லையா, அந்த மாதிரி நெனச்சுக்கறேன்" என்று கையில் கொடுத்தார்.

பாலக்கரையில் சலீம் பாய் கடை மாடியில் இருக்கிறது. கைக்கடிகாரம், மிக்ஸி, கேமரா எல்லாம் ஒரே மேஜையில். "வாங்க டெய்லரே, பொணத்தைக் கொண்டுவந்தாச்சா?" என்று வரவேற்றார். டீ சொன்னார். முன்பக்கத்துத் திருகுகளைக் கழற்றினார். லென்ஸைச் சுற்றியிருந்த வளையத்தை எடுத்ததும் கை நின்றுவிட்டது. உள்ளே மஞ்சளாக ஏதோ காய்ந்து, ஏடு ஏடாகப் படிந்திருந்தது. ஊசியால் கொஞ்சம் சுரண்டி மோந்து பார்த்தார்.

"சந்தனம்ங்க."

எனக்கு உடனே புரிந்துவிட்டது. ஆயுத பூஜைக்கு வைத்த பொட்டு. வருஷா வருஷம் கரைத்து வைத்த சந்தனம் லென்ஸ் ஓரமாக உள்ளே இறங்கி, ஷட்டரின் மெல்லிய இதழ்களை ஒட்டிப் பிடித்திருக்கிறது. பாய் பெட்ரோலில் நனைத்த துணியால் துடைத்தார், பஞ்சைச் சுற்றிய குச்சியால் துடைத்தார், ஊதினார், மறுபடியும் துடைத்தார். ஒரு மணி நேரம் போயிருக்கும். விரலால் நெம்புகோலைத் தள்ளினார்.

டிக்.

"செத்துப்போச்சுன்னு நான்தான் சொன்னேன். இது சந்தனம் பூசிக்கிட்டுத் தூங்கியிருக்கு" என்று தன்னையே கேலி செய்துகொண்டார். பிறகு இரண்டு கேமராக்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். "இப்ப சொல்லுங்க. இதைப் பிரிச்சாத்தான் உங்களுது ஓடும். பிரிக்கவா?"

மாமி சொன்ன கண்தானக் கதையை அவரிடம் சொன்னேன். பாய் ஸ்குரூ டிரைவரைக் கீழே வைத்துவிட்டார். "உசிரோட இருக்கறவங்ககிட்ட அதை வாங்க முடியாதுல்ல" என்றார். ஓடுகிற நிலையில் இது எட்டாயிரத்துக்குப் போகும் என்றும் சொன்னார். கேட்டுவிட்டு நேராக ஊருக்கு பஸ் ஏற எனக்கு மனசு வரவில்லை. இரண்டையும் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். "டெய்லரே, திண்டுக்கல் அந்தப் பக்கம் இல்லீங்க" என்று மாடியிலிருந்து குரல் கொடுத்தார் பாய்.

மூன்று மணிக்கு மறுபடியும் சித்திரை வீதி. மாமியின் காதருகே வைத்து ஷட்டரை அழுத்தினேன். முகம் மலர்ந்தது. எதனால் நின்றது என்று சொன்னதும் அந்த மலர்ச்சி போய்விட்டது.

"அப்பா தோல் உறைக்குத்தான் பொட்டு வெப்பார். அவர் போனப்புறம் நான்தான், உறைக்கு வெச்சா கேமராவுக்கு வெச்சதா ஆயிடுமான்னு, தெறந்து கண்ணுக்குப் பக்கத்துல வெச்சேன். ஒரு வருஷம் விட்டதில்ல."

கேமராவை நீட்டினேன். பணத்தைத் திருப்பித் தந்தால் போதும், அப்பாவுடையது வீட்டிலேயே இருக்கட்டும் என்றேன். இல்லையென்றால் எட்டாயிரத்துக்குப் போகிற பொருள், மீதியைச் சேர்த்துத் தருகிறேன் என்றும் சொன்னேன்.

மாமி வாங்கவில்லை. "நான் வெச்சுண்டு என்ன பண்ணுவேன்? திரும்பவும் சந்தனம்தான் வெப்பேன்" என்று சிரித்தார். "வெலை சொன்னது சொன்னதுதான். நீங்க பிரிக்கமாட்டேளே?"

என் கேமரா பைக்குள் கிடந்தது. இதைவிட்டால் அதற்கு இன்னொரு சக்கரம் எப்போது கிடைக்குமோ. மாட்டேன் என்றேன்.

மாமி உள்ளே போய்ச் சந்தனக் கிண்ணத்தோடு வந்தார். கேமராவை உறைக்குள் போடச் சொன்னார். பொத்தானைப் போட்டேனா என்று ஒருமுறை இழுத்துப் பார்த்துக்கொண்டார். பிறகு தோலின் மேல் சின்னதாக ஒரு பொட்டு வைத்து, அதில் குங்குமம் ஒற்றிக் கொடுத்தார்.

திண்டுக்கல் பஸ்ஸில் மடியில் அதை வைத்திருந்ததைப் பார்த்து, "என்னங்க, புதுசா?" என்று கண்டக்டர் கேட்டார். ஆமாம் என்று சொன்னேன். பழையது என் காலடியில் பைக்குள் இருந்தது. மணப்பாறை தாண்டும்வரை அதை ஒரு காலால் அணைத்துக்கொண்டே வந்தேன். எங்கள் கடையிலும் ஆயுத பூஜைக்குத் தையல் மெஷினுக்குப் பொட்டு வைப்பதுண்டு. ஊசிக்குப் பக்கத்தில் வைத்ததில்லை. மெஷினின் கழுத்தில்தான் வைப்போம். ஏன் அங்கே என்று இன்றுவரை யோசித்ததே இல்லை. இந்த வருஷம் கழுத்தில் வைத்துவிட்டு, மாமிக்கு ஒரு போன் போட வேண்டும்.