வால் எண்

பாலாநகரில் விமானக் கருவிகள் செய்யும் தொழிற்சாலையில் எனக்கும் என் நண்பனுக்கும் பக்கத்துப் பக்கத்து மேஜை. ஞாயிற்றுக்கிழமைகளில் பேகம்பேட்டை விமான நிலைய வேலியோரம் சைக்கிளை நிறுத்திவிட்டு, இறங்கும் விமானங்களின் வால் எண்களை ஆளுக்கொரு நோட்டில் எழுதுவோம். கண்ணால் பார்க்காததை எழுதக் கூடாது என்பது சட்டம். பம்பாயிலிருந்து தன் அண்ணன் அனுப்பிய எண்களை அவன் சேர்க்கத் தொடங்கியதும் நான் போட்ட சட்டம் அது.

அந்த வருடம் பாரிஸ் விமானக் கண்காட்சிக்கு எங்கள் கருவி ஒன்று போனது. கூடப் போக அவனைத் தேர்ந்தெடுத்தார்கள். என்னைவிட ஆறு மாதம் ஜூனியர். கோட்டுகூடக் கிடையாது, என் மச்சானுடையதை நான்தான் வாங்கிக் கொடுத்தேன். எந்த நாளில் எந்த விமானம் பறக்கும், எங்கே நின்றால் வெயில் முகத்தில் அடிக்காது என்றெல்லாம் கேன்டீனில் உட்கார்ந்து திட்டம் போட்டுக் கொடுத்ததும் நான்தான். வயிறு எரிந்தது.

"உன் நோட்டையும் குடுடா, உனக்கும் சேத்து எழுதிட்டு வரேன்" என்றான்.

"நக்கோ, வேணாம். சட்டம்னா சட்டம்தான்" என்றேன்.

புறப்படும் நாளில் வழியனுப்பப் போனோம். அவன் ஏறவிருந்த பம்பாய் விமானம் நாங்கள் இருவருமே அதுவரை பார்க்காதது. எண்ணை எழுதிக்கொண்டேன். மாலையும் பெட்டியுமாகத் தடுமாறுகிறவன் வாலை எங்கே பார்க்கப்போகிறான்? இந்த ஒன்றாவது என்னிடம் மட்டும் இருக்கட்டும்.

படிக்கட்டருகே அவன் பெட்டியைக் கீழே வைத்தான். பின்னால் வந்தவர்களை நிற்கவைத்துவிட்டு வாலை அண்ணாந்து பார்த்தான். என் மச்சானின் கோட்டுப் பையிலிருந்து நோட்டை எடுத்து எழுதினான். அதற்குப் பிறகுதான் எங்களுக்குக் கையசைத்தான்.