மட் தீவில் பறித்த பூ

எட்டு வயதில் எனக்கிருந்த அவசரம் இன்றும் குறைந்தபாடில்லை. அன்று அது செய்த காரியத்தை மட்டும் இன்னும் மறக்க முடியவில்லை.

யுத்த காலம். அம்மாவின் தம்பி, என் மாமா, மாதுங்காவில் எங்களோடுதான் இருந்தார். காலேஜில் தாவரவியல் சொல்லிக்கொடுக்கிறவர். ஒரு புரட்டாசி ஞாயிற்றுக்கிழமை என்னையும் கூட்டிக்கொண்டு லோக்கல் ரயிலில் அந்தேரி போய், வெர்சோவாவில் படகேறி, மட் தீவில் இறங்கினார். அங்கே மணல்மேட்டில் ஒரு பூ. ஊதா நிறம், சுண்டுவிரல் நகமளவு. அவர் சொன்ன லத்தீன் பெயர் என் வாயில் நுழையவில்லை. மழையோடு முளைத்து, பூத்து, விதையை உதிர்த்துவிட்டுச் செத்துப்போகிற செடி. அந்த விதையை விட்டால் அடுத்த வருஷத்துக்கு வேறு கதியில்லை என்று படகிலேயே சொல்லியிருந்தார்; நான்தான் காதில் வாங்கவில்லை. மற்ற மேடுகளையெல்லாம் பட்டாளத்து லாரிகள் மணல் மூட்டைக்காக வாரிக்கொண்டு போய்விட்டன. மாமா தேடிய வரையில் மிச்சம் அந்த ஒரு மேடு, அதில் பதினேழு செடி.

அதையாவது தோண்டாமல் விடச்சொல்லிக் கேட்க, லாரிக்கு மணல் ஏற்றும் மேஸ்திரியைத் தேடிப் போனார். ஆடு வந்தால் விரட்டு என்று என்னைக் காவலுக்கு வைத்தார்.

ஆடு வரவில்லை. நான்தான் இருந்தேனே!

வீட்டில் நவராத்திரி. அம்பாளுக்குப் பூ போதவில்லை என்று அம்மா காலையில் அலுத்துக்கொண்டிருந்தாள். தினமும் கட்டிட வாசலில் நந்தியாவட்டை பறிப்பவள் நான். பறிக்கப் பறிக்கப் பூக்கும் என்பதுதான் செடிகளைப் பற்றி எனக்குத் தெரிந்த ஒரே சாஸ்திரம். அவசர அவசரமாக உட்கார்ந்து, மொட்டைக்கூட விடாமல் பாவாடையில் சேர்த்தேன். மணல்தானே, பல செடிகள் வேரோடு கையில் வந்தன.

மாமா ஓட்டமும் நடையுமாக வந்தார். முகமெல்லாம் சிரிப்பு. மேஸ்திரி சம்மதித்துவிட்டானாம். அப்புறம்தான் என் பாவாடையைப் பார்த்தார்.

"ஒண்ணாவது விட்டு வெச்சயாடி?"

"ஒண்ணு பாக்கியில்லை மாமா. எல்லாம் அம்பாளுக்கு."

அடித்திருக்கலாம். திட்டவாவது செய்திருக்கலாம். மேடு முழுக்க ஒருமுறை மண்டியிட்டுத் தேடினார். பிறகு குடிக்கக் கொண்டுவந்த தண்ணீரில் கைக்குட்டையை நனைத்து, பூக்கள் வாடாமல் அதில் முடிந்துகொண்டார். அதன்பின் வருஷா வருஷம் தனியாகப் போய்வந்தார். அந்தப் பூ மறுபடி வரவேயில்லை என்பதை, காலேஜில் சேர்ந்த பிறகு நானே அவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். கேட்காமலே இருந்திருக்கலாம்.

ஆனால் அன்று சாயங்காலம் எனக்கு என்ன தெரியும்? கொலுவுக்கு முன்னால் அம்மா ஒவ்வொரு பூவாக அர்ச்சனை செய்தாள். பூஜை என்றாலே நழுவிவிடுகிற மாமா, கடைசிப் பூ விழுகிறவரை கைகட்டி நின்றார். கண் கலங்கியிருந்தது. மாமாவுக்கே பக்தி வந்துவிட்டது, எல்லாம் நான் பறித்த பூவின் மகிமை என்று எனக்குத் தலைகால் புரியவில்லை.