சொல்லாமல் விட்ட வாசல்

எனக்குக் கோவம் மூக்கு நுனியில. ஊர்ல எல்லாருக்கும் தெரியும், என் மாவு மில்லுக்கு வர்றவங்களுக்கு இன்னும் நல்லாத் தெரியும். மிஷின் சத்தத்துக்கு மேல கத்திக் கத்தியே பாதி ஆயுசு போயிருச்சு. இப்ப மிஷினை நிறுத்தினாலும் என் தொண்டை நிக்கறதில்ல. அந்தக் கோவம்தான் என்னை வார்டு மெம்பர் எலெக்‌ஷன்ல நிக்க வச்சுது.

எங்க ஊரு பாலக்கோட்டுக்கும் தருமபுரிக்கும் நடுவுல இருக்கு. தக்காளிக் காடா இருந்த இடமெல்லாம் கல்லு நட்டு மனை போட்டாங்க. வூடு வந்த வேகத்துக்குச் சாக்கடை வரல. அந்தப் புது வூட்டுத் தண்ணியெல்லாம் வழிஞ்சு வந்து என் மில்லு வாசல்லதான் குட்டை கட்டி நின்னுச்சு. மூணு வாட்டி பஞ்சாயத்து ஆபீசுக்கு நடந்தேன். அப்ப மெம்பரா இருந்தவரு நிமிந்துகூடப் பாக்காம, "வூட்டுக்காரர வரச் சொல்லும்மா, பேசிக்கலாம்"னாரு. அவரு செவப்பு பிளாஸ்டிக் நாற்காலியில உக்காந்திருந்தாரு, நான் நின்னுக்கிட்டு இருந்தேன். மில்லை நடத்துறது நானு, நாத்தம் புடிக்கிறது நானு, பேசறதுக்கு மட்டும் வூட்டுக்காரரா? "இருங்க, அடுத்த வாட்டி அந்த நாற்காலியில நானே உக்காந்து பேசறேன்"னு சொல்லிட்டு வந்துட்டேன். சொல்றப்ப நல்லாத்தான் இருந்துச்சு. மில்லுக்கு வந்து சேந்தப்புறம்தான், மனு எங்க வாங்கறதுன்னுகூடத் தெரியாதேன்னு ஒறைச்சுது.

மொதல்ல போய்ச் சொன்னது அண்ணிகிட்ட. அண்ணின்னா என் வூட்டுக்காரரோட அக்கா. உள்ளூர்லயே கட்டிக் கொடுத்தது, எங்களுக்கு அடுத்த தெரு. நான் கல்யாணமாகி வந்த புதுசுல, பாலக்கோடு மார்க்கெட்டுக்குத் தக்காளி ஏத்திக்கிட்டுப் போற டெம்போவுல நாங்க ரெண்டு பேரும் கூடைகளுக்கு நடுவுல குந்திக்கிட்டுப் போவோம். நல்ல விலை போனா திரும்பும்போது ஆளுக்கு ஒரு போண்டா. விலை படுத்துட்டா ஒரு போண்டாவைப் பிச்சு ரெண்டு பேரும் தின்னுக்குவோம். எனக்கு இந்த ஊரைக் காட்டிக் கொடுத்ததே அவங்கதான்.

"நில்லு. மனுவுல நான் கையெழுத்துப் போடறேன்"னாங்க. சொன்ன மாதிரியே முன்மொழியறவங்க பேரு எழுதற எடத்துல, நாக்கைக் கடிச்சுக்கிட்டு, ஒவ்வொரு எழுத்தா எழுதினாங்க. கோணல்மாணலா இருந்தாலும் அழுத்தமான கையெழுத்து.

எனக்குக் கெடச்ச சின்னம் சீப்பு. ஐயோ, அதை வச்சு ஊரே பண்ண கூத்து இருக்கே! மேலத் தெருவுல மொட்டைத் தலைப் பெரியவர் ஒருத்தரு, "ஏம் ஆத்தா, எனக்கெதுக்குச் சீப்பு?"ன்னு கேட்டாரு. "ஓட்டுப் போட தலைக்கு வெளியில முடி வேணாங்க, உள்ள மூளை இருந்தாப் போதும்"னேன். தெருவே சிரிச்சுச்சு. அவரும் சிரிச்சுட்டு, "போட்டுர்றேன் போ"ன்னாரு.

அது மார்கழி மாசம். பனி எறங்கற காலையில, காதுக்கு மேல முந்தானையைச் சுத்திக்கிட்டு, நாங்க ஏழெட்டுப் பொம்பளைங்க கெளம்புவோம். எவ வூட்டுச் சமையலும் நேரத்துக்கு ஆகல. எங்க வூட்டுக்காரரு காலையில பழைய சோத்தைத் தின்னுட்டு டெம்போ எடுத்துக்கிட்டுப் போனாரு. நடந்து நடந்து கால் வெடிச்சுது. ஆனா அந்தப் பத்து நாள் மாதிரி நான் அதுக்கு முன்னயும் சிரிச்சதில்ல, பின்னயும் சிரிச்சதில்ல. இன்னைக்கும் மார்கழிப் பனி எறங்கினா எனக்கு அந்தக் கூட்டம்தான் ஞாபகம் வருது.

எங்க பக்கம் ஓட்டுக் கேக்கறதும் கல்யாணத்துக்கு அழைக்கற மாதிரிதான். வாசல்ல நின்னு, வூட்டுல இருக்கற ஒவ்வொருத்தரையும் பாத்து, "வந்து போட்டுருங்க"ன்னு வாயால சொல்லணும். அவங்க மஞ்சளும் சுண்ணாம்பும் கரைச்சு, அந்தச் செவப்புத் தண்ணியில சூடம் ஏத்தி ஆலம் சுத்துவாங்க. அதுக்கப்புறம்தான் அது நம்ம ஓட்டு. ரோட்டுல போறப்ப கையாட்டிட்டுப் போனா, "பெரிய மனுசி, வாசப்படி மிதிக்க மாட்டாளாமா"ன்னு ஆயிரும். இது தெரிஞ்சுதான் நான் ஒரு வாசல் விடாம ஏறி எறங்கினேன்.

புது மனைப் பக்கம்தான் எனக்குப் பயம். அங்கத்த ஆளுங்க விடியறதுக்குள்ள ஓசூர் பஸ்சுக்கு ஓடிருவாங்க, பொழுது சாஞ்சுதான் வருவாங்க. ஒரு வூட்டுக்கு மூணு வாட்டி போனேன். மூணு வாட்டியும் காபி கொடுத்தாங்க, நல்ல காபி. மூணாவது வாட்டிதான் அந்தம்மா, "எங்களுக்கு இங்க ஓட்டு இல்லைங்க, சொந்த ஊர்லதான் இருக்கு"ன்னாங்க. மொதல் காபியிலயே சொல்லித் தொலைச்சா என்னவாம்!

அங்க போறதுக்கும் வர்றதுக்கும் அண்ணி வூட்டைத் தாண்டித்தான் போகணும். தெனமும் அவங்க வாசல்ல நிப்பாங்க. தெனமும் நான் ரோட்டுல இருந்தே, "அண்ணி, நேரமாச்சு, அப்புறம் வரேன்"னு கொரல் கொடுத்துட்டு ஓடுவேன். அவங்களும் தலையாட்டுவாங்க. நம்ம வூடுதானே, மனுவுல கையெழுத்துப் போட்டவங்கதானே. அங்க இருந்த அஞ்சு ஓட்டையும் மொத நாளே என் கணக்குல எழுதிட்டேன்.

எண்ணின அன்னைக்கு மூணு ஓட்டுல தோத்தேன்.

மூணே மூணு! வூட்டுக்கு வந்து வாக்காளர் லிஸ்டை விரிச்சு வச்சுக்கிட்டு, யாரு போட்டா, யாரு போடலன்னு ஒவ்வொரு வூடாப் பாத்தோம். பூத்துல எனக்காக உக்காந்து டிக் போட்ட பொண்ணு தயங்கித் தயங்கி, "அக்கா, உங்க அண்ணி வூட்டுல அஞ்சு பேரும் வரலக்கா"ன்னா.

எனக்குத் தலைக்கேறிருச்சு. செருப்புகூடப் போடாம அடுத்த தெருவுக்கு ஓடினேன். "நில்லுன்னு சொன்னது யாரு? கையெழுத்துப் போட்டது யாரு? இப்படிக் கழுத்தறுக்கத்தான் நிக்க வச்சீங்களா?"ன்னு நடுத்தெருவுல நின்னு கத்தினேன். அக்கம்பக்கத்துக் கதவெல்லாம் தொறந்துச்சு.

அண்ணி கத்தல. "பத்து நாளு தெனமும் ஆலம் கரைச்சு வச்சேன். தெனமும் சாயந்திரம் வாழைக்கு ஊத்தினேன். உன் நோட்டீசைக்கூடப் பக்கத்து வூட்டுக்காரிகிட்ட வாங்கித்தான் பாத்தேன். ஓட்டு அன்னைக்குப் பட்டுச்சேலை கட்டிக்கிட்டு, சாயந்திரம் அஞ்சு மணி வரைக்கும் எல்லாரையும் உக்கார வச்சிருந்தேன். கடைசி நேரத்துலயாவது என் தம்பியோ நீயோ வந்து ஒரு வார்த்தை சொல்லுவீங்கன்னு பாத்தேன். ஊரையெல்லாம் அழைச்ச. பொறந்த வூட்டுல இருந்து என்னை அழைக்க ஆளில்லையே"ன்னாங்க.

கல்யாணத்துக்குப் பந்தக்கால் நட்டவங்களையே வாசல்ல போய் அழைக்கற ஊரு இது. அதுலயும் வூட்டுல பொறந்த பொண்ணுக்குத்தான் மொத அழைப்பு. எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனா அன்னைக்கு என் கோவம் எனக்குப் பெருசு. "ஒரு வார்த்தைக்காக என் நாற்காலியைத் தொலைச்சீங்களே"ன்னு சொல்லிட்டுத் திரும்பி வந்துட்டேன். அந்த நாக்கை அறுத்துப் போட்டிருக்கணும்.

ரெண்டு மாசம் அந்தத் தெருப் பக்கமே போகல. அப்புறம் ஒரு காதுகுத்துல பக்கத்துல பக்கத்துல உக்கார வச்சாங்க, பேசிக்கிட்டோம். ஆனா போண்டா பிச்சுத் தின்ன பேச்சு அது இல்ல. நல்லாருக்கியா, நல்லாருக்கேன், அவ்வளவுதான். பின்னால அவங்க பையனுக்கு ஓசூர்ல வேலை கெடச்சு எல்லாரும் அங்க போயிட்டாங்க. ஓட்டையும் அங்கயே மாத்திக்கிட்டாங்க. அந்த வூட்டுல இப்ப வேற யாரோ குடியிருக்காங்க.

இப்ப மறுபடியும் எலெக்‌ஷன் பேச்சு அடிபடுது. சாக்கடை இன்னமும் என் வாசல்லதான் நிக்குது. நிக்கறதுன்னு முடிவு பண்ணினேன். பண்ணின மறுநாள் மில்லைப் பூட்டிட்டு, தட்டு, வெத்தலை பாக்கு, பழம், ஒரு மொழம் பூவு எல்லாம் பையில போட்டுக்கிட்டு, வூட்டுக்காரரையும் இழுத்துக்கிட்டு ஓசூர் பஸ் ஏறினேன்.

மூணாவது மாடி. மூச்சு வாங்க ஏறி, கதவுக்கு வெளியிலயே பையில இருந்ததைத் தட்டுல எடுத்து வச்சுக்கிட்டு மணி அடிச்சேன். அண்ணி கதவைத் தொறந்தாங்க. தலை நல்லா நரைச்சுப் போயிருந்துச்சு.

"நான் மறுபடியும் நிக்கப்போறேன், அண்ணி. நீங்க வந்து போட்டுரணும்"னேன். தட்டை நீட்டினேன்.

அவங்க தட்டைப் பாத்தாங்க, தம்பியைப் பாத்தாங்க, என்னைப் பாத்தாங்க. "பைத்தியக்காரி, எனக்குத்தான் அங்க ஓட்டே இல்லையே"ன்னாங்க.

"தெரியும் அண்ணி."

நான் உள்ள கால் எடுத்து வைக்கப் போனேன். "ஏய், அங்கயே நில்லு ரெண்டு பேரும்"னு அதட்டிட்டு, கண்ணைத் தொடைச்சுக்கிட்டே என்னைத் தாண்டிப் போயி எதிர் வூட்டுக் கதவைத் தட்டினாங்க. "ஏம்மா, உங்க வூட்டுல கொஞ்சம் சுண்ணாம்பு இருக்குமா? எங்க பொறந்த வூட்டுல இருந்து அழைக்க வந்திருக்காங்க, ஆலம் கரைக்கணும்."