குதிக்கும் எழுத்து

என் மேசை இழுப்பறையில் சிவப்புத் துணி முதுகு ஒட்டிய நீள நோட்டு ஒன்று இருக்கிறது. பள்ளிப் பிள்ளைகள் பெயர் எழுதி ஒட்டும் வெள்ளைச் சீட்டில் ‘சிக்னல் நோட்டு’ என்று எழுதி மேலட்டையில் ஒட்டியிருக்கும். அதில் திண்டிவனம் - கிளியனூர் பள்ளிப் பேருந்துத் தடத்துக்கு எதிரெதிரே இரண்டு பக்கங்கள். கடைசி ஒரு வரியைத் தவிர இரண்டும் என் கையெழுத்து. இடப்பக்கத்தில் எழுத்துகள் கோட்டின்மேல் வரிசையாக நிற்கும். வலப்பக்கத்தில் ஒரு வரியில் தொடங்கிய சொல் அடுத்த வரியில் போய் விழுந்திருக்கும். ஓரிடத்தில் பேனா தாளையே கிழித்திருக்கிறது. இடப்பக்கம் முழுக்கப் பொய். வலப்பக்கம்தான் என் மகளைத் தேடிக் கண்டுபிடித்தது. ஓராண்டு ஆகிவிட்டது. ஆனாலும் வானம் இருட்டிக்கொண்டு வந்தால் என் கை தானாக அந்த இழுப்பறைக்குப் போகிறது.

அந்த நோட்டு எங்கள் டீம் லீடுடையது. அவரைப் பற்றிச் சொல்ல, நான் அவரிடம் வந்து சேர்ந்த கதையை முதலில் சொல்ல வேண்டும். சென்னையில் பதினெட்டு ஆண்டுகள் மென்பொருள் வேலை பார்த்தவன் நான். கடைசி ஆறு ஆண்டுகள் எனக்குக் கீழே நாற்பது பேர். ஒரு செவ்வாய்க்கிழமை காலை, கால்மணி நேர வீடியோ அழைப்பில் அந்த வேலை முடிந்துபோனது. அதன்பின் எங்கே விண்ணப்பித்தாலும் ‘உங்கள் அனுபவம் எங்களுக்கு அதிகம்’ என்ற ஒரே பதில்தான். நாற்பத்தைந்து வயது என்பதை அப்படிச் சொல்லத்தான் அவர்கள் கற்றிருந்தார்கள். கிளியனூரில் பூட்டிக் கிடந்த அப்பாவின் வீட்டைத் திறந்து குடிவந்தோம். மகளைத் திண்டிவனத்தில் பள்ளியில் சேர்த்தோம். ஏழு மாதம் கழித்து விழுப்புரத்தில், ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் இருந்த சிறு நிறுவனத்தில் எனக்கு வேலை கிடைத்தது. என்னையும் சேர்த்து ஆறு பேர். பள்ளிப் பேருந்து எங்கே வருகிறது என்று பெற்றோருக்குக் கைபேசியில் காட்டும் செயலியைச் செய்துகொண்டிருந்தார்கள். என் மகள் போகும் பேருந்திலும் அந்தச் செயலிக்கு இடத்தை அனுப்பும் கருவிதான் இருந்தது.

லீட் ஒரு பெண், அப்போது இருபத்தெட்டு வயது. முண்டியம்பாக்கத்துக்குப் பக்கத்துக் கிராமம். அம்மா கரும்பு வெட்டப் போகிறவர். என்னை ஒரு வாரம் ‘சார்’ என்றார், பிறகு ‘அண்ணா’ ஆக்கிக்கொண்டார். அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. வெள்ளிக்கிழமை பிற்பகல் யாராவது ஒருவர் அந்த நோட்டை எடுத்துக்கொண்டு, ஏதாவது ஒரு பள்ளிப் பேருந்தில் கடைசி நிறுத்தம்வரை போய்வர வேண்டும். கருவியில் இருக்கும் சிம்முக்கு எங்கே சிக்னல் சாகிறது, எங்கே உயிர் வருகிறது, அந்த இடத்தில் வேறு எந்தச் சிம் எடுக்கிறது, அப்படி எடுக்கும் கைபேசி அங்கே யாரிடம் இருக்கிறது, அவருடைய எண் என்ன என்று எழுதிவர வேண்டும். டீக்கடைக்காரர், பஞ்சர் ஒட்டுபவர், பால் ஊற்றும் இடத்தில் எழுதுகிறவர் என்று அந்த நோட்டில் நிறைய மனிதர்கள் இருந்தார்கள். பிரம்மதேசம் போகும் தடத்தை லீட் தானே மூன்று முறை போய் எழுதியிருந்தார். “ஸ்கிரீன்ல எல்லாம் தெரியும்ணா, ஆனா ஜன்னல்ல பாத்தாத்தான் வழி தெரியும்” என்பார்.

எனக்கு அது பெரிய அவமானமாக இருந்தது. அலுவலகத்தில் வடிவமைப்பு பார்க்கும் பையன் வேறு, “நாப்பது பேர மேச்சவரு, இன்னிக்கு நாப்பது சீட்டு பஸ்ல போறாரு. ஜன்னல் சீட்டு கெடைச்சுதாண்ணே?” என்று சிரித்தான். கிளியனூர்த் தடம் என் முறைக்கு வந்த வெள்ளிக்கிழமை நான் பேருந்தில் ஏறவே இல்லை. திண்டிவனம் பேருந்து நிலையத்தில் ஒரு டீக்கடையில் உட்கார்ந்து, கைபேசியில் வரைபடத்தைப் பார்த்து, டவர் இருக்கும் தூரத்தை ஊகித்து, ஒரு பக்கத்தை நிரப்பினேன். ‘தடம் முழுவதும் சிக்னல் உண்டு’ என்று கடைசி வரியில் எழுதி அடிக்கோடும் போட்டேன்.

திங்கட்கிழமை லீட் அந்தப் பக்கத்தை விரித்து வைத்துக்கொண்டு வரி வரியாகப் படித்தார்.

“அண்ணா, இது பஸ்ல எழுதினது இல்லயே.”

“ஏன், என்ன ஆச்சு?”

“எழுத்து குதிக்கலயே. அந்த ரோட்ல பஸ்ல குந்திக்கினு எழுதினா இவ்ளோ நேராவா வரும்?”

அவர் குரலை உயர்த்தவில்லை. “வர்ற வெள்ளிக்கெழம போய்ட்டு வந்துடுங்கண்ணா. இந்தப் பக்கத்தக் கிழிக்காதீங்க, இருக்கட்டும்” என்று சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டார். அந்த வாரம் முழுவதும் அவரை மனதுக்குள் திட்டிக்கொண்டே இருந்தேன். வீட்டில் மனைவியிடம் புலம்பியபோது, அவள் வெங்காயம் நறுக்குவதை நிறுத்தாமலே, “நீங்க எழுதினது பொய்தானே? அப்புறம் அந்தப் பொண்ணு மேல என்ன கோவம்?” என்றாள்.

மறு வெள்ளிக்கிழமை போனேன். என் மகள் பேருந்தில் என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். “அப்பா, உன்ன எல்லாரும் செக்கிங்னு நெனச்சிக்கினு இருக்காங்க” என்று பின்னால் வந்து கிசுகிசுத்துவிட்டுப் போனாள். கிளியனூரில் அவளும் இறங்கியபின், வண்டி காலியானது. நானும் இறங்கப்போனேன். அப்போது ஓட்டுநர், “சார், மழ வந்தா, வர்ற வழியில தாண்டினோமே, அந்தத் தரைப்பாலம் முழுகிடும். அப்ப வேற ஒரு சுத்து வழியில வருவோம். உங்க மேப்புல அது இருக்காது. வர்றீங்களா, காட்டுறேன்?” என்றார். பேச்சுக்குத் தலையாட்டினேன். அவர் வண்டியைத் திருப்பி, தரைப்பாலத்துக்கு அந்தப் பக்கம் பிரியும் ஊர்ச்சாலையில் இறங்கி, மறுபடி கிளியனூரை நோக்கி ஓட்டினார். அந்த ஊர்ச்சாலையில் ஒரு செங்கல் சூளையைத் தாண்டியதும் சிக்னல் செத்தது. சூளைக்கு அப்பால் சாலை வளைந்து, ஏரியைச் சுற்றிக்கொண்டு போனது. ஏரி முடிகிற இடத்தில் நிலக்கடலை ஆட்டும் ஒரு மல்லாட்டை எண்ணெய் மில். எங்கள் சிம் அங்கேயும் செத்துத்தான் கிடந்தது. ஆனால் மில் காவலாளி தன் கைபேசியில் மருமகனோடு சத்தம் போட்டுப் பேசிக்கொண்டிருந்தார். அவருடையது வேறு நிறுவனத்துச் சிம். எண்ணைக் கேட்டு, ஆடும் வண்டியில் எழுதினேன். தாள் கிழிந்தது அப்போதுதான்.

இன்னொன்றையும் நான் மறைக்கக் கூடாது. சிக்னல் போனால் கைபேசித் திரையில் பேருந்துப் படம் அப்படியே நின்றுவிடும். பெற்றோர் பதறிப்போய் எங்களுக்கு அழைப்பார்கள். அதற்கு நான் ஒரு யோசனை சொன்னேன். சிக்னல் இல்லாதபோதும் படத்தை அதே திசையில், அதே வேகத்தில் ஐந்து நிமிடம் நகர்த்திக்கொண்டே இருக்கலாம், அதற்குள் சிக்னல் வந்துவிடும் என்றேன். “தெரியாதத தெரிஞ்ச மாதிரி காட்டணுமாண்ணா?” என்று லீட் தயங்கினார். சென்னையில் எல்லாரும் இப்படித்தான் செய்கிறார்கள் என்று நான் அடித்துப் பேசினேன். என் வயதுக்காகவோ என்னவோ, விட்டுக்கொடுத்தார். அழைப்புகள் குறைந்தன. நான் ஜெயித்துவிட்டதாக நினைத்தேன்.

அடுத்த மழைக்காலத்தில் ஒரு நாள் காலையிலிருந்தே விடாத மழை. பள்ளியை முன்கூட்டியே விட்டுவிட்டார்கள். மூன்று மணிக்குப் பேருந்து திண்டிவனத்தை விட்டுக் கிளம்பியதைத் திரையில் பார்த்தேன். மூன்றரைக்குக் கைபேசி அடித்தது. மனைவி.

“என்னங்க, பஸ்சு ஏரிக்குள்ள காட்டுதுங்க.”

அவள் கத்தவில்லை. அதுதான் இன்றும் என் காதில் நிற்கிறது. திரையைத் திறந்தேன். ஏரியின் நீல நிறத்துக்கு நடுவில் மஞ்சள் பேருந்து அசையாமல் நின்றிருந்தது. சூளையருகே சிக்னல் செத்திருக்கிறது, வண்டி வளைந்திருக்கிறது, நான் எழுதிய கணக்கு மட்டும் நேராகப் போய்த் தண்ணீருக்குள் இறங்கியிருக்கிறது. எனக்கு இது புரிந்தது. ஆனால் வண்டி வளைந்ததா, அல்லது உண்மையிலேயே நேராகத்தான் போனதா என்று எனக்கு எப்படித் தெரியும்? நிரம்பிய ஏரி, கண் மறைக்கும் மழை. ஓட்டுநரின் கைபேசிக்கு அழைப்பு போகவில்லை. பிள்ளைகளோடு வண்டியில் உதவிக்குப் போகும் அம்மாவின் கைபேசி அணைந்திருந்தது. அலுவலகத்தில் இருந்த எல்லாக் கைபேசிகளும் ஒரே நேரத்தில் அடிக்கத் தொடங்கின. பேருந்தில் முப்பத்தொரு பிள்ளைகள்.

லீட் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். “அண்ணா, மொதல்ல அந்தக் கணக்க நிறுத்துங்க. கடைசியா பாத்த எடத்த மட்டும் காட்டுங்க. சிக்னல் இல்ல, தேடிக்கினு இருக்கோம்னு எழுதுங்க. ஜல்தி.” நாலு வரியை அழிக்க இரண்டு முறை தப்பாக அடித்தேன். மஞ்சள் பேருந்து ஏரியிலிருந்து மறைந்து சூளைக்குப் பக்கத்தில் வந்து நின்றது. அதற்குள் அவர் நோட்டை எடுத்து வந்து என் முன்னால் விரித்திருந்தார். இடப்பக்கத்தை உள்ளங்கையால் மூடிக்கொண்டார். வலப்பக்கத்தில் விரலை ஓட்டினார். “சூளைக்கு அப்புறம் என்ன எழுதியிருக்கீங்க? ஆறா, எட்டா? உங்க எழுத்து எனக்குப் புரியல, நீங்களே படிங்க.”

நான் படிக்கப் படிக்க அவர் எண்ணை அழுத்தினார். முதல் முறை அடித்து ஓய்ந்தது. இரண்டாம் முறையும் ஓய்ந்தது. மூன்றாம் முறை ஒலிபெருக்கியில் போட்டார். மழைச் சத்தத்துக்கு நடுவே ஒரு கரகரத்த குரல்.

“யாருப்பா அது, நொய் நொய்னு?”

“ஐயா, ஸ்கூல் பஸ் ஏதாவது அந்தப் பக்கம் வந்துச்சுங்களா?”

“பஸ்ஸா? இங்கதான் நின்னுக்கினு இருக்குது. ரோட்ல மரம் வுழுந்துடுச்சு, போவ முடியல. புள்ளைங்கெல்லாம் மில்லு உள்ளதான். வறுத்த மல்லாட்டைய துன்னுக்கினு ஒரே கும்மாளம். பேஜாரு தாங்கலம்மா, ஒரு மூட்ட காலி!”

லீட் உடனே, “எண்ணிப் பாருங்க ஐயா, எத்தினி பேரு?” என்றார். அந்தப் பக்கம் எண்ணும் குரல் கேட்டது. இருபதில் தப்பி, திட்டிவிட்டு, மறுபடி முதலிலிருந்து எண்ணினார். முப்பத்தொன்று. பிறகு லீட் என் மகளின் பெயரைச் சொல்லிக் கூப்பிடச் சொன்னார். “அப்பா, இங்க கரண்ட் இல்ல, செமயா இருக்குது” என்றாள் அவள். “நீ ஏன் மூக்க உறிஞ்சற?”

அதன்பின் நடந்ததுதான் எங்கள் ஆறு பேரின் வாழ்க்கையில் மிகச் சிறந்த ஒரு மணி நேரம் என்பேன். பிள்ளைகளின் வீட்டு எண்களைப் பிரித்துக்கொண்டு ஒவ்வொரு வீட்டுக்கும் நாங்களே அழைத்துச் சொன்னோம். ஒரு தகப்பன் பதில் சொல்லாமல் கைபேசியைக் கீழே போட்டுவிட்டு ஓடிப்போய் யாரையோ கூப்பிட்டது கேட்டது. ஒரு தாய் என்னை “நல்லா இருப்பே சாமி” என்றார். வடிவமைப்புப் பையன் அழுதுகொண்டே அடுத்த எண்ணை அழுத்தினான். பள்ளியிலிருந்து ஆள் போனது. டிராக்டர் வைத்து மரத்தை இழுத்துப் போட்டார்கள். ஆறு மணிக்குக் கிளியனூர் நிறுத்தத்தில் பேருந்து ஹார்ன் அடித்தபோது மனைவி கைபேசியைத் தூக்கிப் பிடித்து எங்களுக்குக் கேட்க வைத்தாள். மாடியில் நாங்கள் போட்ட கூச்சலில் கீழே பேக்கரிக்காரர் என்னவோ ஏதோவென்று படியேறி வந்துவிட்டார்.

அன்று எல்லாரும் கிளம்பியபின் லீடிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். ஒரு வருடத்துக்கு முன் டீக்கடையில் உட்கார்ந்து எழுதியதற்கும், ஏரியில் பேருந்தை இறக்கியதற்கும் சேர்த்து. அவர் நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்து, “உங்க எழுத்து ரொம்ப மோசம்ணா, அடுத்த தடவ நம்பர மட்டும் கொஞ்சம் பெருசா எழுதுங்க” என்றார். அவ்வளவுதான். அந்த இரண்டு பக்கங்களைப் பற்றி அவர் பிறகு ஒருநாளும் பேசவில்லை.

இப்போது எங்கள் செயலி தெரியாததைத் தெரியாது என்றே சொல்கிறது. நோட்டில் இருந்த சிக்னல் செத்த இடங்கள் எல்லாம் வரைபடத்தில் சாம்பல் நிறத்தில் இருக்கின்றன. இந்த இடத்தில் பேருந்து பத்து நிமிடம் தெரியாது என்று பெற்றோருக்கு முன்கூட்டியே தெரியும். அந்த மழைக்குப் பின் பள்ளிகள் தாமாகவே எங்களைத் தேடி வந்தன. லீட் சென்னையில் பெரிய நிறுவனம் ஒன்றுக்கு நேர்முகத் தேர்வுக்குப் போனபோது நோட்டையும் எடுத்துப் போயிருக்கிறார். கேள்வி கேட்க உட்கார்ந்திருந்தவர்கள் அதை ஒருவர் கையிலிருந்து ஒருவர் வாங்கிப் புரட்டினார்களாம். கோடையில் அங்கே சேர்ந்துவிட்டார். என்னை வெளியே அனுப்பிய அதே சென்னை அவரைக் கூப்பிட்டுக்கொண்டதில் எனக்குத் துளி வருத்தமும் இல்லை, மகிழ்ச்சிதான். கடைசி நாளில் நோட்டை என் மேசையில் வைத்து, “இனிமே நீங்கதாண்ணா” என்றார்.

போன வெள்ளிக்கிழமை நான் மறுபடி கிளியனூர்த் தடத்தில் போனேன். இரண்டு நாள் மழையில் தரைப்பாலம் மூழ்கியிருந்ததால் பேருந்து சுற்று வழியில் போனது. சூளையைத் தாண்டியதும் சிக்னல் செத்தது. மகள் இந்த முறை முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை, என் பக்கத்திலேயே உட்கார்ந்து நோட்டை எட்டிப் பார்த்தாள். வலப்பக்கத்தின் கடைசியில், லீடின் குண்டுகுண்டான எழுத்தில், அன்று அவர் எழுதிய வரி: ‘மில்லில் 31 பேர். எல்லாரும் நலம். அண்ணன் எழுதியது சரி.’ வண்டி ஏரியைச் சுற்றி வளைந்தது. ஜன்னலுக்கு வெளியே மில் வந்தது. காவலாளி கையை ஆட்டினார். நான் புதுப் பக்கம் திருப்பி எழுதத் தொடங்கினேன். “அய்ய, என்னப்பா இப்பிடிக் குதிக்குது?” என்று மகள் சிரித்தாள். குதிக்கட்டும் என்று எழுதிக்கொண்டே இருந்தேன், எண்களை மட்டும் கொஞ்சம் பெரிதாக.