வால்வு மூடி எதற்கு?

சைக்கிள் டயரில் காற்றடிக்கும் இடத்தில் ஒரு குட்டி மூடி இருக்குமே, கறுப்பு பிளாஸ்டிக்கில், சுண்டுவிரல் நகம் அளவுக்கு. அது எதற்கு என்று எனக்கு ரொம்ப நாளாகச் சந்தேகம். காற்றைப் பிடித்து வைப்பது வால்வுக்குள் இருக்கும் ஊசி மாதிரியான பின். மூடியைக் கழற்றினாலும் காற்று போவதில்லை. அப்புறம் அது என்னதான் செய்கிறது? பள்ளியில் அறிவியல் பாடம் எடுத்தே ரிட்டயரானவள் நான். ஒரு பொருள் வேலை செய்யாமல் சும்மா உட்கார்ந்திருந்தால் எனக்குப் பொறுக்காது.

ரிட்டயரான கையோடு கியர் வைத்த சைக்கிள் ஒன்று வாங்கினேன். விடிந்ததும் மந்தைவெளியிலிருந்து பெசன்ட் நகர் கடற்கரை வரை போய்த் திரும்புவேன். வாங்கிய சில நாட்களிலேயே இரண்டு மூடிகளும் தொலைந்தன. தேடவில்லை. மாதக்கணக்கில் மூடியில்லாமலே ஓட்டினேன், ஒரு குறையும் இல்லை. “பாத்தீங்களா, மூடியெல்லாம் வெறும் அலங்காரம்” என்று வீட்டுக்காரரிடம் பீற்றிக்கொண்டேன்.

அவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. அவருக்குச் சைக்கிள் மேலேயே கோபம். இந்த வயதில் பஸ்ஸுக்கும் ஆட்டோவுக்கும் நடுவில் புகுந்து போவதற்கு என்ன தலையெழுத்து என்பது அவர் கட்சி. எனக்கோ அந்த ஒரு மணி நேரம்தான் யாருக்கும் காபி கலக்காத நேரம். அடையாறு பாலத்தில் ஏறும்போது முகத்தில் வந்து அடிக்கும் காற்றை நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

ஆயுத பூஜை வந்தது. எங்கள் வீட்டில் பொட்டு வைக்கும் இலாகா அவருடையது. சந்தனக் கிண்ணமும் குங்குமச் சிமிழுமாகக் கிளம்பி மிக்சி, கிரைண்டர், வாஷிங் மெஷின் என்று ஒன்று விடாமல் வைத்துக்கொண்டே வந்தார். நான் சுண்டல் தாளித்துக்கொண்டிருந்தேன். கீழே பார்க்கிங்கில் நின்ற என் சைக்கிளுக்கும் வைத்துவிட்டு வந்தார் என்பதில் எனக்கு உள்ளூரச் சந்தோஷம்தான்.

விஜயதசமி முடிந்து மறுநாள் காலை, முன்சக்கரம் கொஞ்சம் மெத்தென்று இருக்கவே பம்பு வைத்து அடித்துவிட்டுக் கிளம்பினேன். திரும்பும் வழியில், பாலத்துக்கு முன்பே சக்கரம் தரையோடு ஒட்டிவிட்டது. வீடு வரை தள்ளிக்கொண்டு வந்தேன். மறுபடி காற்றடித்தேன், மறுநாளும் அதே கதை. வியர்த்து விறுவிறுத்து வந்து நின்றவளைப் பார்த்து அவர் நிதானமாகச் சொன்னார்: “இன்னொரு தடவை நடுரோட்டுல நின்னா, வண்டியை யாருக்காவது குடுத்துடுவேன்.” விளையாட்டுக்குச் சொல்கிறவர் இல்லை அவர்.

மேற்கு மாம்பலத்தில் ஒரு சைக்கிள் கடைக்கு வண்டியை ஆட்டோவில் போட்டுக் கொண்டுபோனேன். கடைக்காரர் டியூபைக் கழற்றி, வால்வை மட்டும் வெளியே பிடித்துக்கொண்டு, தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிச் சுற்றிப் பார்த்தார்.

“பஞ்சர் ஒண்ணியும் இல்ல மேடம். டியூப் சோக்காத்தான் கீது. மூடி எங்க, காணோம்? அதான் காத்து போய்க்கினு கீது.”

“மூடிக்கும் காத்துக்கும் சம்பந்தமே இல்லையே” என்றேன்.

“இன்னா மேடம் இப்டி சொல்ற!” என்று ஒரு டப்பாவைத் திறந்து காட்டினார். சக்கரம் சுற்றினால் மினுக்கும் மூடி, மண்டையோடு மூடி, பகடைக்காய் மூடி. அசட்டுத்தனமாக இருந்தன, ஆனாலும் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. அடியில் சாதாரணப் பித்தளை மூடிகள் இரண்டு கிடந்தன. அவற்றின் தலை ஒடுங்கி, நுனியில் பிளவுபட்டிருந்தது. அந்தப் பிளவு எதற்கு என்று அவருக்கும் தெரியவில்லை. தெரியாததாலேயே வாங்கினேன்.

வீட்டுக்கு வந்து வால்வின் வாயில் சோப்புத் தண்ணீரைத் தொட்டு வைத்தேன். குமிழ் ஒன்று மெல்ல ஊதிக்கொண்டு வந்தது. ஓட்டை டியூபில் இல்லை, வாயிலேயே இருக்கிறது! உள்ளே எட்டிப் பார்த்தால் பின்னின் தலை தட்டையாகத் தெரிந்தது. சட்டென்று பித்தளை மூடியைத் தலைகீழாகத் திருப்பி உள்ளே விட்டேன். பிளவு அந்தத் தலையைக் கச்சிதமாகக் கவ்வியது. திருகினேன். மிச்சக் காற்று சீறிக்கொண்டு போக, அந்தப் பின் கையோடு வந்தது. அதன் ரப்பர் வளையத்தில் மஞ்சளாக ஏதோ துகள். முகர்ந்து பார்த்தேன். சந்தனம்!

பின்சக்கரத்து வால்வின் வாயிலும் காய்ந்த சந்தனம் அப்படியே உட்கார்ந்திருந்தது. முன்சக்கரத்தில் இருந்ததை நானேதான் பம்பு வைத்து உள்ளே தள்ளியிருக்கிறேன். மூடி இருந்திருந்தால் பொட்டு மூடியோடு நின்றிருக்கும்.

பின்னை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு மேலே போனேன். ஜெயித்துவிட்ட மிதப்பு எனக்கு. “வண்டி மேல தப்பில்ல. உங்க சந்தனம்தான். வால்வு ஓட்டையில போய் யாராவது பொட்டு வைப்பாங்களா?”

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதைப் பார்த்தார்.

“மத்ததுக்கெல்லாம் ஒரு பொட்டோட விட்டேன். இதுக்கு மட்டும் இடம் இருக்கிற எடத்துல எல்லாம் வெச்சேன்” என்றார். “பிரேக், செயின், பெல், அது இதுன்னு. நீ முழுசா வீடு வந்து சேரணும்ல?”

இத்தனை நாளும் கோபம் என்று நான் நினைத்தது, தினமும் நான் வாசல் தாண்டியதும் அவரைப் பிடித்துக்கொண்ட பயம்.

கீழே இறங்கிப் போய்ப் பின்னைத் துடைத்துப் பூட்டிக் காற்றடித்தேன். அவரும் கூடவே வந்தார். பித்தளை மூடிகளை அவரே குனிந்து திருகினார், சக்கரத்துக்கு ஒன்றாக.

“இனிமே காத்து போகாதுல்ல?”

“போகாது.”

நிமிர்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டார். “சரி, போயிட்டு வா” என்றார். சைக்கிள் வாங்கியதிலிருந்து அவர் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை.