கிராபிக்ஸ் கார்டு போட்ட ஞாயிறு

எங்கள் வீட்டில் கம்ப்யூட்டரை ஆன் செய்வதற்கு முன் வெடி மூட்டைகளைத் தெருவுக்குத் தூக்கிவிடுவோம். எட்டாவதோடு பள்ளியை விட்டு, கிடைத்த லாரியில் ஏறி எத்தனையோ ஊர் சுற்றிவிட்டேன். இந்தப் பழக்கத்தை வேறெங்கும் கண்டதில்லை.

நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது, எம். புதுப்பட்டிக்குப் பக்கத்தில் ஒற்றை அறை வீடு. அப்பா பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து அடைக்கிறவர். அம்மா கம்பெனி வெடிகளை வீட்டில் வைத்துச் சரமாகப் பின்னுவாள். வீட்டில் வைத்துப் பின்னக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். எல்லா வீட்டிலும் பின்னினார்கள். அதே அறையின் மூலையில்தான் சித்தப்பாவின் கம்ப்யூட்டர் இருந்தது.

சித்தப்பா பட்டாசுப் பெட்டிகளுக்கு லேபிள் வரையப் பழகியிருந்தார். சிவகாசி அச்சகம் ஒன்றில் லேபிள் மாதிரியைத் திங்கட்கிழமை கொண்டு வரச் சொல்லியிருந்தார்கள். பிடித்துப்போனால் சீசன் முழுக்க வேலை. இல்லையென்றால் அப்பாவோடு கம்பெனி வேனில் ஏற வேண்டியதுதான். தம்பி அந்த வாசலை மிதிக்கக் கூடாது என்பதில் அப்பா பிடிவாதமாக இருந்தார். பெரிய படத்தைத் திறந்தால் பழைய கம்ப்யூட்டர் அசையாமல் நின்றுவிடும். அதனால் சித்தப்பா விருதுநகர் போய் ஒரு கிராபிக்ஸ் கார்டு வாங்கி வந்தார்.

ஞாயிறு மத்தியானம் கம்ப்யூட்டர் பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றினார்.

“தம்பி, இரும்பத் தொட்டுட்டுக் கைய வைங்க” என்றாள் அம்மா. கம்பெனியில் மருந்து அறைக்குள் போகும் முன் வாசலில் பதித்த தகட்டைத் தொட்டு, உடம்பில் சேர்ந்த மின்சாரத்தை இறக்கிவிட்டுத்தான் போவார்கள்.

“தொட்டாச்சு மதினி. இது கம்ப்யூட்டரு, அணுகுண்டு இல்ல.”

“எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்.”

கார்டைச் சொருகினார். மூட்டைகள் வெளியே போயின. அம்மாவும் நானும் தெருவில் நின்றோம். அப்பா தண்ணீர் வாளியோடு வாசலில் நின்றார். சுவிட்சைப் போட்டதும் உள்ளே காற்றாடி சுற்றியது. திரை மட்டும் கறுப்பாகவே கிடந்தது. எங்களுக்குப் பயம் பிடித்தது அப்போதுதான். பற்றவைத்தும் வெடிக்காத வெடியின் பக்கத்தில் போகாதே, தண்ணீரை ஊற்று என்று நடை பழகும்போதே கற்றவர்கள் நாங்கள். சித்தப்பாவோ அதன் மேலேயே கவிழ்ந்து கிடந்தார்.

“ஏலே, மூஞ்சிய அங்கன கொண்டு போகாத!” அப்பாவின் குரல் நடுங்கியதை அன்றுதான் கேட்டேன்.

சித்தப்பா அணைத்துவிட்டு, ரேமைக் கழற்றி அழிரப்பரால் தேய்த்து மாட்டினார். கறுப்பு. கார்டைப் பிடுங்கி இன்னும் அழுத்திச் சொருகினார். மறுபடியும் கறுப்பு. கடைசியில் கடைக்காரருக்குப் போன் போட்டார். போனிலிருந்து வந்த சிரிப்பு தெருவரைக்கும் கேட்டது.

“மானிட்டர் வயர எதுல சொருகியிருக்கீக? புதுக் கார்டுலயா, பழைய எடத்துலயேவா?”

பழைய இடத்திலேயேதான் இருந்தது. சித்தப்பா தலையில் அடித்துக்கொண்டு வயரை மாற்றினார்.

“வந்துருச்சுண்ணே!”

திரை நீலமாக ஒளிர்ந்தது. அதே நேரம் ஸ்பீக்கர் ‘டப்’ என்றது. உள்ளே படிந்திருந்த தூசி சூட்டில் கருகி ஒரு வாடை வந்தது. இரண்டிலும் ஆபத்து எதுவும் இல்லை என்று சித்தப்பா பிறகு விளக்கினார். அப்பாவுக்கு அது எங்கே தெரியும்? வாளித் தண்ணீர் மொத்தமும் பெட்டிக்குள் போனது. பியூஸ் போய் வீடு இருண்டது. அப்பா பாய்ந்து சித்தப்பாவின் இரண்டு கைகளையும் பிடித்து, வாசல் வெளிச்சத்துக்கு இழுத்து வந்து, புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

“ஸ்பீக்கர் சத்தம்ணே. ஒண்ணுமில்லண்ணே” என்று சித்தப்பா சொல்லிக்கொண்டே இருந்தார். நெடுநேரம் அப்பா பிடியை விடவில்லை.

வெயிலில் காயவைத்தும் கம்ப்யூட்டர் பிழைக்கவில்லை. அச்சகத்தில் வேறு ஆளைப் பிடித்துக்கொண்டார்கள்.

அடுத்த வாரம் சித்தப்பா கம்பெனி வேனில் அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். எங்கள் வீட்டிலிருந்து இரண்டு பேர் போகிறார்கள் என்று கத்திக்கொண்டே நான் வேனுக்குப் பின்னால் ஓடினேன். சித்தப்பா சிரித்தபடி கையசைத்தார். அப்பா என் பக்கம் திரும்பவே இல்லை. அவருக்கு என்மேல் ஏதோ கோபம் என்று நினைத்தேன். என்ன தப்புச் செய்தேன் என்று தெரியாமல், வேன் திரும்பி வரும்வரை பயந்துகொண்டே இருந்தேன்.