கழுத்துக்கு மதிப்பெண் இல்லை

இங்கிலாந்தில், நாற்பத்து மூன்று வயதில், என் மோட்டார் சைக்கிளின் முன்னும் பின்னும் சிவப்பு நிறத்தில் ‘எல்’ எழுத்து ஒட்டப்பட்டிருக்கிறது. பேரணாம்பட்டுக்கும் ஆம்பூருக்கும் இடையே பதினாறு ஆண்டுகள் தோல் மாதிரிகளைச் சுமந்து வண்டியோட்டியவன் நான். நம்மூர் உரிமம் இங்கே ஓராண்டுக்குத்தான் செல்லும். பிறகு நேற்றுப் பிறந்தவன்போல் தேர்வுக்கு நிற்க வேண்டும். போன மாதம் நின்றேன். இங்கும் எட்டுப் போடச் சொன்னார்கள். கால் தரையில் படாமல், அச்செழுத்தைப்போல் போட்டேன். அப்படியும் தோற்றேன். தேர்வாளர் மிகுந்த பணிவோடு, “நோ லைஃப்சேவர்” என்றார். தார்த் தரையில் மிதவைச் சட்டை எதற்கு என்று கேட்டும்விட்டேன். அவர் சிரிக்கவில்லை. வண்டியைத் திருப்புமுன் வலத்தோளுக்கு மேலாக ஒருமுறை திரும்பிப் பார்ப்பதற்கு இங்கே அதுதான் பெயராம். கண்ணாடி இருக்கிறதே என்றேன். கண்ணாடிக்குத் தெரியாத இடம் உண்டு என்றார்.

அந்த ஆத்திரம் தணியாமலேதான் ஆம்பூரிலிருக்கும் என் தங்கை எஸ்தரை அழைத்தேன். அவள் ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் இருக்கிறாள். உரிமம் இல்லாதவர்களின் வண்டியை இனிக் கேட்டுக்குள் விடுவதில்லை என்று கம்பெனி அறிவித்துவிட்டதால், அன்று காலை அவளும் தேர்வுக்குப் போயிருந்தாள்.

“திரும்பிப் பாக்கலன்னா ஃபெயில் பண்ணாங்க? நம்மூர்ல ஒருத்தன் திரும்பிப் பாத்தா, பின்னாடி போலீஸ் வருதுன்னு அர்த்தம்ண்ணா,” என்று சிரித்தாள். “நான் பாஸ். ஒரே எட்டு.”

“ரோட்ல ஓட்டச் சொன்னாங்களா?”

“அதெல்லாம் இல்ல. இப்ப கேமரா வச்சிட்டாங்க, ஸ்ட்ரிக்ட்டு ஜாஸ்தி. கால் வச்சா காட்டிக் குடுத்துடும்.”

பயிற்சித் திடலைத் தாண்டி அவள் ஒருநாளும் வண்டியோட்டியதில்லை. திங்கட்கிழமை முதல் பெங்களூர் நெடுஞ்சாலையில் கம்பெனிக்குப் போகப்போகிறாள். என் ஆத்திரம் அங்கேயே திசை மாறியது. விதியைக் கடுமையாக்கிவிட்டோம் என்கிறார்கள், எதைக் கடுமையாக்கினார்கள்? காலைக் கண்காணிக்கும் கேமராவுக்குக் கழுத்தைப் பற்றிக் கவலையில்லை. நெடுஞ்சாலை லாரிகள் எட்டு வடிவத்திலா வருகின்றன? ஓர் எண்ணை வரையத் தெரிந்தவளுக்கு வண்டியோட்டத் தெரியும் என்று முத்திரையிட்டு அனுப்புவது தேர்வு ஆகாது, கைகழுவல்.

“எஸ்தர், வண்டியத் திருப்பறதுக்கு முன்னாடி வலது தோளுக்கு மேல ஒரு தடவ பாத்துடு. கண்ணாடிய மட்டும் நம்பாத.”

“இன்னாண்ணா நீ! கம்பெனி விடற நேரத்துல ஒரு பொம்பள ரோட்ல திரும்பித் திரும்பிப் பாத்தா, ‘யாரத் தேடுறா இவ’ன்னு கேப்பானுங்க. அப்பறம் ஒரே பேஜாரு.”

இங்கே கழுத்தைத் திருப்பாவிட்டால் மதிப்பெண் போகிறது; அங்கே திருப்பினால் பெண்ணின் பெயர் போகிறது. எந்தத் தேர்வுத் தளத்திலும் எழுதப்படாத அந்த விதியை மாற்ற எவருக்கும் தோன்றவில்லை.

“கேக்கட்டும். நீ பாரு,” என்றேன்.

“சரி, வெக்கிறேன்,” என்றாள். பார்ப்பதாகச் சொல்லவில்லை.

திங்கட்கிழமை வந்தது. அவளுக்கு வேலை முடியும் நேரம், எனக்கு மதிய உணவு இடைவேளை. இங்கே நான் வேலை பார்க்கும் தோல் தொழிற்சாலைக்குப் பின்னாலுள்ள சாலையில் பயிற்சிக்காக வண்டியை எடுத்தேன். திருப்பத்தில் வலத்தோளுக்கு மேலாகத் திரும்பிப் பார்த்தேன். ஈரப் புல்வெளி, ஒரு வேலி, ஆளற்ற சாலை. மறுபடியும் பார்த்தேன். எனக்குப் பின்னால் எதுவும் வரவில்லை என்பது தெரிந்தும், அவளுக்குப் பின்னால் என்ன வருகிறது என்று தேடிக்கொண்டிருந்தது என் கழுத்து.